கெட்டிலுக்கு ஒரு கரண்டி

சுத்தமான வெள்ளைத் துணியை எடுத்து, அதன் மேல் புளூபெர்ரி சூப்பை ஊற்றி, நன்றாகக் காய வைத்து, அதற்குப் பிறகு துவைக்கிற பெண்மணி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அப்படி ஒருத்தி எதிர் வீட்டிலேயே இருந்தாள். பெயர் மைலிஸ். ஐம்பதைத் தாண்டியவள், தனியாள், நூலகத்தில் வேலை. எங்கள் குடியிருப்பின் சலவை அறைக்கு, யாரும் நியமிக்காத அதிகாரியும் அவள்தான்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பகலெல்லாம் கண்ணாடியில் பின்சீட்டுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என்னோடு ஒட்டிக்கொண்ட வியாதியாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரி இப்படி ஒரு காரியம் செய்தால் எனக்குத் தூக்கம் வருமா?

ஸ்வீடனில் எங்கள் ஊர் மாதிரி ஏரிக்கரை ஊர்களில் குடியிருப்பு என்றால் அடித்தளத்தில் ஒரு சலவை அறை உண்டு. எல்லா வீட்டுக்கும் அதே இரண்டு மெஷின்தான். சுவரில் முறைப்பலகை தொங்கும். வீட்டுக்கு ஒரு குட்டிப் பூட்டு. வேண்டிய நாளில், வேண்டிய நேரத்தில் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது. எங்கள் ஊரில் கட்டின பெண்டாட்டியை விட்டு ஓடினவனைக்கூட நாளடைவில் மன்னித்துவிடுவார்கள். அடுத்தவர் சலவை நேரத்தில் கை வைத்தவனுக்கு மன்னிப்பு கிடையாது.

சண்டை நேரில் நடக்காது. சீட்டில்தான் நடக்கும். சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், கீழே கையெழுத்து மட்டும் இருக்காது. "பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் போன மகாராஜாவுக்கு, உங்கள் நாய் வெள்ளை நிறம் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்." "தூளை அள்ளிக் கொட்டுகிற கைக்கு, ஏரி உன் அப்பன் வீட்டுச் சொத்து அல்ல." இதெல்லாம் மைலிஸின் கைவரிசை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அதுதான் மரியாதை.

இப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் சலவை அறையில் கறை படிந்த வெள்ளைத் துண்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். ஒன்றில் கோகோ, ஒன்றில் டியூபிலிருந்து பிதுக்கிய மீன்முட்டைப் பசை, ஒன்றில் உதட்டுச் சாயம், ஒன்றில் ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மைலிஸ் உதட்டுச் சாயம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால் அதைப் பார்த்து இன்னும் திக்கென்றது.

"ஏண்டி, யாரையாவது தீத்துக் கட்டிட்டியா?" என்றேன்.

"கசாப்புக் கடை ரத்தம். உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ, பார்ப்ரோ."

"எதுக்கு வேணும்னே அழுக்காக்கித் துவைக்கறே?"

"சொல்லக் கூடாது."

"எனக்கு மட்டும் சொல்லேன்."

"உனக்குச் சொல்றதும் ஒண்ணுதான், பஸ்ல ஏர்றவங்க அத்தன பேருக்கும் சொல்றதும் ஒண்ணுதான்."

நான் விடவில்லை. எலுமிச்சை கேக் கொண்டுபோனேன், பழுதான அவள் மிதிவண்டிச் சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். கடைசியில் ஒரு வியாழக்கிழமை பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொல்லிவிட்டாள். அவளுக்கும் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போதெல்லாம் எங்கள் ஏரி கோடையில் பச்சைக் குழம்பாக மாறிக்கொண்டிருந்தது. சாக்கடை வழியாகப் போகிற பாஸ்பேட்டைத் தின்று பாசி கொழுத்தது. வெளுக்கிற ரசாயனமும் ஏரிக்குக் கெடுதல் என்று ஊரில் பாதிப் பேர் வெள்ளைக் காபி வடிதாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழுப்புத் தாளுக்கு மாறியிருந்தார்கள். கடைக்குப் போனால் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டி மூலையில் பச்சை நிற மீன் படம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்த மீன் முத்திரையை யாரும் யார் மேலும் திணிக்கவில்லை. விருப்பமுள்ள தயாரிப்பாளர் தானாகப் போய்க் கேட்க வேண்டும். சோதனையில் தேறினால் பெட்டியில் மீன் போட்டுக்கொள்ளலாம், தேறாவிட்டால் மீன் இல்லாமல் விற்கலாம். அவ்வளவுதான்.

சோதனையில் இரண்டு பாதி. ஏரிக்கு எவ்வளவு கெடுதல் என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். நன்றாகத் துவைக்கிறதா என்பதைச் சாதாரண வீடுகளில் பார்ப்பார்கள். ஏனென்றால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கிற தூள் அழுக்கைப் போக்காவிட்டால் ஜனங்கள் இரண்டு மடங்கு கொட்டுவார்கள், ஏரி பழையபடி பச்சையாகும். அதனால் பெயர் போடாத வெள்ளைப் பைகள் சில வீடுகளுக்கு வரும். ஒரு பையில் கடையில் கிடைக்கிற வழக்கமான தூள், இன்னொன்றில் முத்திரை கேட்டு வந்த தூள். எது எது என்று துவைப்பவருக்குத் தெரியாது. யார் யார் துவைக்கிறார்கள் என்று ஊருக்கும் தெரியாது. மைலிஸ் அப்படித் துவைப்பவர்களில் ஒருத்தி.

"காசு குடுப்பாங்களா?" என்றேன்.

"ஒரு டப்பா பிஸ்கட் வரும்."

"பிஸ்கட்டுக்கா இந்தப் பாடு?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "ஆஸ்பத்திரி சலவைல இருபது வருஷம் இருந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப நூலகத்துல புஸ்தகம் அடுக்கறேன். அங்கயும் எது நல்ல புஸ்தகம்னு யாரும் கேக்கறதில்ல. இவங்க மட்டும்தான் கேக்கறாங்க. நான் வெள்ளைன்னு எழுதினா அது வெள்ளை. பழுப்புன்னு எழுதினா பழுப்பு. அப்பறம் எனக்கே தெரிஞ்சுக்கணும்னு இருக்குடி. ரத்தம் குளிர்ந்த தண்ணில போவுது, மீன்முட்டை சூட்டுல போவுது, புளூபெர்ரி ஏன் எதுக்குமே மசிய மாட்டேங்குது?"

அப்படிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பின்சீட்டில் காதல் கடிதம் படித்துக்கொண்டு வருகிற பெண்களின் முகத்தில்தான் நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் வந்த பைகளில் ஒன்று மட்டும் படுமோசம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நுரை மெஷின் கதவு வழியாக எட்டிப் பார்க்கிறதாம். துவாலை அட்டை மாதிரி விறைக்கிறதாம். "கறுப்புக் கால்சட்டைல மாவு உதிர்ந்தாப்பல இருக்குடி, பேக்கரில வேலை செய்யறவன் கால்சட்டை மாதிரி," என்றாள். அதையே தன் விடைத்தாளிலும் எழுதி அனுப்பிவிட்டாள். நானும் பேக்கரி உவமையைப் பேருந்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பனி இளகத் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மைலிஸ் வீட்டில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. தோர்க்கெல் நின்றிருந்தார். ஏரிக்கரையில் அப்பா காலத்திலிருந்து பைன் மர எண்ணெயில் சோப்பு காய்ச்சுகிற பட்டறை அவருடையது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு காலத்தில் சனிக்கிழமை நடன மேடையில் மைலிஸும் அவரும் ஜோடியாக ஆடியவர்கள். அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவார். வயிற்றுப் புண்ணுக்காக மருத்துவர் காபியை நிறுத்தியதிலிருந்து டீதான். எங்கள் ஊரில் டீ குடிக்கிற ஆண்பிள்ளையை இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பார்கள்.

பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பட்டறைய மூட வேண்டியதுதான், மைலிஸ்."

"என்ன உளர்றே?"

"ரெண்டு வருஷமா ஒரு சலவைத்தூள் பண்ணினேன். பாஸ்பேட் இல்லாம. மீன் முத்திரைக்குப் போட்டிருந்தேன். தேறின பிறகு சொல்லி உன்னை அசத்தலாம்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்." அவர் மேசை விரிப்பின் பூவைத் தடவிக்கொண்டே பேசினார். "ஏரிக்கு நல்லதுன்னு ஆய்வுக்கூடம் சொல்லிடுச்சு. கடினத் தண்ணி ஊர்கள்ல தேறிடுச்சு. நம்மள மாதிரி சுண்ணாம்பு இல்லாத மெதுத் தண்ணி ஊர்ல மட்டும் கவுந்துடுச்சு. வசந்தத்துலேர்ந்து மீன் இல்லாத தூளை அலமாரில வைக்க மாட்டோம்னு கூட்டுறவுக் கடைக்காரங்க சொல்லிட்டாங்க. அவங்கள விட்டா நான் யாருக்கு விக்கறது?"

"என்ன குறை சொன்னாங்க?" என்றேன் நான். மைலிஸ் அடுப்பருகே முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"நுரையாம். விறைப்பாம். வெள்ளை வெள்ளையா படியுதாம். யாரோ ஒரு புண்ணியவதி எழுதியிருக்கா, 'பேக்கரில வேலை செய்யறவன் கால்சட்டை மாதிரி'ன்னு."

நான் மைலிஸைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. கெட்டில் மூடியை அவள் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் புண்ணியவதி நான்தான்," என்றாள்.

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லக் கூடாது என்பதுதான் விதியும். தோர்க்கெல் விரிப்பிலிருந்து கையை எடுத்தார். "நீயா?" என்றார்.

"நான் எழுதினது பொய் இல்ல தோர்க்கெல். இரு." உள்ளே போய் அந்தக் கறுப்புக் கால்சட்டையைக் கொண்டுவந்து மேசை மேல் விரித்தாள். மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது.

தோர்க்கெல் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "என் வீட்ல இப்படி வரலியே. இதே தண்ணி, இதே மாதிரி மெஷின். நீ எத்தனை கரண்டி போட்டே?"

"பைல எழுதியிருந்த மாதிரி ரெண்டு."

"நானும் ரெண்டுதான்."

"அப்ப உன் தூள்தான் ஆளுக்குத் தகுந்த மாதிரி நடிக்குது!"

"கண்ணளவாப் போட்டிருப்பே."

மைலிஸின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. அவளைப் பார்த்துக் கண்ணளவு என்பது பாதிரியாரைப் பார்த்துப் பொய்யா என்பதற்குச் சமம். "கண்ணளவா? நானா? வா கீழ! உன் கண்ணு முன்னாலயே துவைக்கறேன்."

பையில் கொஞ்சம் தூள் மிச்சம் இருந்தது. மூவரும் இறங்கினோம். முறைப்பலகையில் அந்த நேரத்துக்கு ஹோல்கெரின் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற தச்சர், மைலிஸின் சீட்டுகளால் அதிகம் அடிபட்டவர். மைலிஸ் அந்தப் பூட்டை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் அடுத்தவர் நேரத்தில் கை வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கால்சட்டையைப் போட்டாள். தோர்க்கெல் குனிந்து மெஷினையே ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர் கையைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு, யார் டிக்கெட் எடுக்காமல் நழுவுகிறார்கள் என்று. அவள் பையோடு வந்த கரண்டியைத் தூளுக்குள் விட்டு, விரலால் தலைதட்டி, ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள். கரண்டியைப் பை விளிம்பில் டக்கென்று தட்டினாள். பிறகு இன்னும் ஒன்று.

"மூணு," என்றேன்.

"ரெண்டு," என்றாள்.

"மூணு போட்டேடி."

"உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? ரெண்டுதான் போட்டேன். சத்தியமா ரெண்டுதான்."

"அள்ளி எடுத்துட்டு மறுபடி போடு. தோர்க்கெல், மெஷின விடு, இவ கையப் பாரு."

பழையபடி அள்ளிப் பையில் கொட்டினாள், கோபத்தில் பாதி தரையில் சிந்தியது. மறுபடி தொடங்கினாள். ஒன்று. இரண்டு. டக். கை தானாகவே பைக்குள் போய் வந்தது. மூன்றாவது கரண்டி மெஷினுக்கு மேலே நின்றபோது அவளே அதைப் பார்த்துவிட்டாள். அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது..." என்றாள். "இது மெஷினுக்கு."

"மெஷினுக்கா?" என்றார் தோர்க்கெல், ஒன்றும் புரியாமல்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் காபி போடத் தெரிந்த யாருக்கும் புரிந்திருக்கும். கோப்பைக்கு ஒரு கரண்டி, கடைசியில் பாத்திரத்துக்கும் பங்கு வேண்டுமே என்று கெட்டிலுக்கு ஒரு கரண்டி. எங்கள் அம்மாக்கள் அப்படித்தான் போட்டார்கள், நாங்களும் அப்படித்தான் போடுகிறோம். யாரும் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நான்கு கோப்பைக்கு எத்தனை கரண்டி என்று கேட்டால் நான்கு என்றுதான் சொல்வோம். கை ஐந்து போடும்.

"அந்தக் கரண்டிய எங்க வாங்கினே, தோர்க்கெல்?" என்றேன்.

"பக்கத்து ஊர் பிளாஸ்டிக் பட்டறைல. நிறையக் கெடந்துச்சு, மலிவாக் குடுத்தான்..." அவர் மைலிஸின் கையிலிருந்த கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுப்பு நிறம், குட்டைக் கைப்பிடி. ஊரில் ஒவ்வொரு காபி டப்பாவுக்குள்ளும் கிடக்கிற அதே கரண்டி. தன் கையால் காபி போட்டறியாத டீக்காரருக்கு அது வெறும் கரண்டி.

கடினத் தண்ணீர் ஊரில் தூள் அதிகம் வேண்டும், ஐந்து கரண்டிக்கு ஆறு விழுந்தால் ஒன்றும் தெரியாது. இங்கே இரண்டுக்கு மூன்று. பழைய பாஸ்பேட் தூள் அதையும் தாங்கிக்கொள்ளும். தோர்க்கெலின் தூள் தாங்கவில்லை. அன்றைக்கு இரண்டே கரண்டியில் துவைத்த கால்சட்டை கன்னங்கரேலென்று வந்தது. தோர்க்கெல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சலவை அறையில் ஒரு சுற்று ஆடினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மைலிஸ் சிரிக்கவில்லை.

"தெரியாத மாதிரி இருந்துடு மைலிஸ்," என்றார் தோர்க்கெல், ஆட்டம் நின்ற பிறகு. "பை என்னுதுன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா உன்னை எடுத்துடுவாங்க. நான் வேற வழி பாக்கறேன்."

"வேற என்ன வழி இருக்கு?"

மைலிஸ் சிந்தின தூளைப் பெருக்கி எடுத்தாள். ஹோல்கெரின் பூட்டை அதன் இடத்தில் மாட்டினாள். மேலே வந்ததும் தொலைபேசியை எடுத்தாள்.

முத்திரைக்காரர்கள் சார்பில் எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பானவள் தீரா என்ற பெண். மறுநாள்தான் கிடைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதை ரிசீவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது மைலிஸ்," என்றாள் தீரா. "ஆனா ஒருத்தர் சொன்னா அது ஒருத்தரோட தப்பு. உங்க மார்க்க நீக்கிடுவோம். மத்த வீடுங்க குடுத்த மார்க் அப்படியே நிக்குமே."

"மத்தவங்களும் இதத்தான் பண்ணியிருப்பாங்க."

"இருக்கலாம். அவங்க யாருன்னு நான் உங்ககிட்ட சொல்ல முடியாது. அவங்களா வந்து சொல்லணும். இன்னொண்ணும் சொல்லிடறேன்..." கொஞ்சம் தயங்கினாள். "தயாரிப்பாளர் யாருன்னு தெரிஞ்சவங்க குழுவுல இருக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா," என்றாள் மைலிஸ். "தெரிஞ்சுதான் பேசறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். எனக்கு தீரா மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பெண் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் இன்னும் கோபம். "போனாப் போவுது, ஒரு டப்பா பிஸ்கட்தானே," என்றேன் ஆறுதலாக. எவ்வளவு மட்டமான ஆறுதல் என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

அன்று மாலை அவள் ஒரு சீட்டு எழுதினாள். வழக்கமான பெரிய எழுத்து, வழக்கமான சிவப்புப் பேனா. நான்தான் பிடித்துக்கொள்ள, அவள் ஒட்டினாள்.

"அளவுக்கு மேல் தூள் போடுகிற கைக்கு, கெட்டிலுக்குப் போடுவது போல மெஷினுக்கும் ஒரு கரண்டி போடுகிறாய். உனக்கே தெரியாது. வெள்ளைப் பையில் வந்த நல்ல தூள் ஒன்றை இப்படித்தான் கெடுத்தேன். அந்தக் கை என்னுடையது. மைலிஸ், முதல் மாடி."

கடைசி வரியை நான் இரண்டு தரம் படித்தேன். எங்கள் சலவை அறைச் சுவரில் பெயரோடு ஒரு சீட்டு அதுவரை இருந்ததில்லை. அதே சீட்டை இன்னும் பல எழுதி எடுத்துக்கொண்டு, பனியில் காலால் உதைத்துத் தள்ளுகிற சறுக்கு நாற்காலியில் குடியிருப்பு குடியிருப்பாகப் போனாள். வழுக்குகிறது, பேருந்தில் ஏறு என்றேன். கேட்கவில்லை. அவளுக்கு அடித்தளச் சாவி கொடுக்காத காவலாளி அந்த ஊரில் இல்லை. அவள் நாக்கைக் கண்டால் எல்லாருக்கும் பயம்.

முதல் நாள் சீட்டுக்குக் கீழே யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள். "ஓஹோ! ஏரி உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" கையெழுத்து இல்லை. அதைப் படித்துவிட்டு மைலிஸ் படியேறிப் போனாள். அந்தப் பென்சில்காரன் கையில் கிடைத்திருந்தால் நான் பேருந்தை மேலே ஏற்றியிருப்பேன்.

அடுத்த நாள் ஹோல்கெர் துணிக்கூடையோடு இறங்கியபோது நான் அங்கே இருந்தேன். சீட்டை முழுதாகப் படித்தார். வீட்டுக் காபிக் கரண்டியால் மெஷினுக்குத் தூள் போட்டார். நான் அவர் கையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, டக், மூன்று.

"ஹோல்கெர்," என்றேன். "எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு."

நான் அவர் கையைக் கண்ணால் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சனியனே!" என்றார் தன் கையைப் பார்த்து. காதில் செருகியிருந்த தச்சர் பென்சிலை எடுத்து, சீட்டுக்குக் கீழே எழுதினார். "நானும்தான். ஹோல்கெர், இரண்டாம் மாடி." கொஞ்சம் யோசித்துவிட்டு, முந்தைய நாள் கிறுக்கலை எச்சில் தொட்டு அழித்தார். அது யார் கிறுக்கியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு சுவரைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் சலவை அறைக்குப் போனேன். "நானும், மூன்றாம் மாடி இடப்பக்கம்." "நான் மட்டுமில்லை, என் மாமியாரும்." "வெள்ளைப் பை எனக்கும் வந்தது. மார்க் போட்டது தப்பு." வெள்ளைப் பை வந்தவர் பெயரும் எழுதியிருந்தார். அடுத்த தெருக் குடியிருப்பிலும், தேவாலயத்துப் பின்னால் இருக்கிற குடியிருப்பிலும் இதே கதைதான் என்று பயணிகள் சொன்னார்கள். ஒருத்தரை ஒருத்தர் சீட்டால் குத்திக்கொண்டிருந்த சுவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் முதன்முதலாகப் பெயர் எழுதினார்கள். எனக்கு அழுகையே வந்தது, சும்மா சொல்லவில்லை.

தீரா நேரில் வந்தாள். நான்தான் ரயில் நிலையத்திலிருந்து என் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்தேன், இருபது வயசுப் பெண் மாதிரி இருந்தாள். குடியிருப்பு குடியிருப்பாகப் போய் ஒவ்வொரு சலவை அறைச் சுவரையும் பார்த்தாள். வெள்ளைப் பை வந்த வீடுகளின் பெயர்கள் அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. சீட்டில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை போல. "வேற மெதுத் தண்ணி ஊர்ல, வேற கரண்டியோட மறுபடி சோதிப்போம்," என்றாள்.

பிறகு மைலிஸ் வீட்டுக்கு வந்து, இனி அவள் குழுவில் இல்லை என்பதால், கறைத் துண்டுகள் வைக்கிற சோதனைப் பெட்டியைத் திருப்பிக் கேட்டாள். மைலிஸ் அதைத் தயாராக வைத்திருந்தாள். வெள்ளைத் துண்டுகளை எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கிக் கட்டியிருந்தாள். மேலே இருந்த ஒன்றில் மட்டும் ஊதாநிறத்தில் மங்கலாக ஒரு வட்டம்.

"புளூபெர்ரி," என்றாள் மைலிஸ். "அது மட்டும் போகல. மன்னிச்சுக்கோம்மா."

தோர்க்கெலின் பெட்டியில் அந்த வசந்தத்திலேயே மீன் வந்துவிட்டது. உள்ளே நீல நிறத்தில் முக்கோணக் கரண்டி. அதைக் கையில் எடுக்கிற யாருக்கும் காபி ஞாபகம் வராது. முதல் பெட்டியை அவர் மைலிஸுக்குக் கொண்டுவந்தார். அவள் அதைச் சமையலறை அலமாரியில், காபி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பட்டறை மூடவில்லை. அதில் அவளுக்கு மெய்யான சந்தோஷம். ஆனால் அதற்கப்புறம் அவள் சலவை அறைக்கு வந்தால் எல்லாரையும் போலத் துவைத்துவிட்டுப் போனாள், சீட்டு ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இலையுதிர் காலத்தில் என் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைப் பை இருந்தது. காலியான இடத்துக்கு ஆள் தேடியபோது தீராவுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. கையைப் பார்க்கத் தெரிந்தவள் என்று நினைத்தாளோ என்னவோ. யார் செய்த தூள் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது தெரியும். ஊரிலேயே பெரிய ஓட்டைவாய்க்காரியின் வாயில் பூட்டு! எதிர் வீட்டில் மைலிஸ். அவளிடம் சொல்ல முடியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

முறைப்பலகையில் பூட்டை மாட்டி, கறைத் துண்டுகளோடு இறங்கினேன். கோகோ, ரத்தம், புளூபெர்ரி என்று பரப்பினேன். உதட்டுச் சாயம் என்னுடையதே. கதவு பாதி திறந்திருந்தது. மைலிஸ் கூடையோடு நடையில் போனவள் நின்றாள். மூக்கு துடித்தது. பார்வை துண்டுகள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து புளூபெர்ரியில் நின்றது. எந்தப் பை, எப்படி நுரைக்கிறது, கறை போகிறதா என்று நூறு கேள்விகள் அவள் முகத்தில் வரிசைகட்டி நின்றன. ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. உள்ளே காலெடுத்து வைக்கவும் இல்லை.

நான் பார்க்காதவள் மாதிரி தூள் போட்டேன். ஒன்று. இரண்டு. கரண்டியைப் பை விளிம்பில் தட்டினேன்.

"ரெண்டுதான், பார்ப்ரோ," என்றது அவள் குரல்.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கனவே படியேறிக்கொண்டிருந்தாள். என் கை பைக்குள் இருந்தது, கரண்டியில் மூன்றாவது நிறைந்திருந்தது.